கடைசி எஸ் ஊமை: இல்லினாயில் ஆறு நாள்

மார்ச் 1, சனி. நேப்பர்வில் – சிகாகோ

காலையில் அக்கா உப்புமா கிளறிக் கொடுத்தாள். ரவை இங்கே நன்றாகக் கிடைக்கிறதே என்றேன். அலமாரியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தாள். க்ரீம் ஆஃப் வீட். கல்யாணமாகி வந்த புதிதில் இந்தியக் கடைக்குப் போக வண்டி இல்லாததால் இதில் கிளற ஆரம்பித்தாளாம். இப்போது வாசலுக்கு வாசல் இந்தியக் கடை இருந்தும் இதுதான் பழகிவிட்டது.

அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டில் வருகிற இந்தப் பெயரைப் பதினெட்டு வருஷமாக முணுமுணுத்துக்கொண்டு திரிகிறேன். அது உப்புமா ரவை என்பது இன்றுதான் தெரிகிறது.

விஷயம் இதுதான். 2007இல் திருச்சியில் விடுதியில் இருந்தபோது ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓர் ஆல்பத்தை நகலெடுத்தேன். இரண்டாவது பாட்டு ஏறவே இல்லை. கோப்பின் பெயர் நீளம் என்று கணினி அடம்பிடித்தது. பாட்டின் பெயர் மட்டும் ஐம்பது வார்த்தைக்கு மேல். 'இப்படிப் பெயர் வைப்பவன் யார்' என்ற எரிச்சலில்தான் கேட்க ஆரம்பித்தேன். சுஃப்யான் ஸ்டீவன்ஸ். தானே எழுதி, தானே பாடி, பாஞ்சோ, பியானோ, ஓபோ, புல்லாங்குழல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தானே வாசிக்கிற ஆள். பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. தன் மாற்றாந்தகப்பனோடு சேர்ந்து தொடங்கிய சிறிய நிறுவனம் மூலம் 2005 ஜூலையில் வெளியிட்டது. ஆல்பத்தின் பெயர் இல்லினாய். 22 உருப்படிகள், முக்கால் மணி நேரத்தைத் தாண்டி இன்னும் அரை மணி. சிகாகோ இருக்கிற அந்த அமெரிக்க மாநிலத்தின் ஊர்கள், ஆட்கள், போர்கள், பேய்கள் எல்லாம் அதில் உண்டு. அவர் பிறந்ததோ டெட்ராய்ட்டில். அதற்கு முன் மிச்சிகனைப் பற்றி ஒன்று செய்தார். ஐம்பது மாநிலத்துக்கும் ஐம்பது என்று அறிவித்தார். இல்லினாயோடு நின்றுபோனது. அது விளம்பரத்துக்காகச் சொன்னது என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.

அலுவலக வேலையாக மூன்று வாரம் சிகாகோ பக்கம் அனுப்பினார்கள். கடைசியில் லீவு சேர்த்துக்கொண்டு, பாட்டில் வரும் ஊர்களைப் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறேன். வண்டி அத்தானுடையது. ஓட்டுவதும் அத்தான்தான்.

"சுஃப்யான்னா பாயா மாப்ள?"

"இல்ல அத்தான், கிறிஸ்டியன். அவங்க அப்பா அம்மா சுபுத்னு ஒரு இந்தோனேசிய ஆன்மிகக் குழுவுல இருந்தாங்களாம். அந்தக் குழுவோட நிறுவனர் வச்ச பேரு."

"அது சரி. இல்லினாய்ஸ்ல அவனுக்கு என்ன சோலி?"

இருபது வருஷமாக இங்கே வரி கட்டுகிறவர், இன்னும் 'இல்லினாய்ஸ்' என்றுதான் சொல்கிறார். கடைசி எஸ் ஊமை. அந்த ஊமை எழுத்தை வைத்து ஆல்பத்தின் அட்டையில் ஒரு விளையாட்டே விளையாடியிருக்கிறார்கள். கடைசியில் ஓர் 'இ' சேர்த்தால் 'நாய்ஸ்', சத்தம். ஆக, அத்தான் உச்சரிப்பது அட்டைப்பட உச்சரிப்பு. சொன்னேன். பெருமையாகத் தலையாட்டினார்.

ஒப்பந்தம்: ஒரு மணி நேரம் என் ஆல்பம், அடுத்த ஒரு மணி நேரம் அவருடைய இளையராஜா.

நகரத்துக்குள் நுழையும்போது 'சிகாகோ' என்ற பாட்டைப் போட வேண்டும் என்பது பல வருஷக் கனவு. ஏரியை ஒட்டிய சாலைக்கு வந்ததும் போட்டேன். வயலின்கள் மேலேறிக் கோரஸ் தொடங்குகிற இடத்தில் வழிகாட்டி அம்மாள் குறுக்கே வந்து "நானூறு அடியில் வலது பக்கம் ஒதுங்கவும்" என்றாள். திரும்பப் போட்டேன். திரும்பவும் ஒதுங்கச் சொன்னாள். மூன்றாம் தடவை ஒதுங்கிவிட்டோம். வண்டி நிறுத்த 38 டாலர். அத்தான் அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு "திருச்செந்தூருக்குக் குடும்பத்தோட போயிட்டு வந்துரலாம்" என்றார்.

சியர்ஸ் கோபுரம் என்று பாட்டில் வருவதற்கு 2009 முதல் வில்லிஸ் கோபுரம் என்று பெயர். 110 மாடி. மேலே பாதி மேகத்துக்குள் இருந்தது. "மேகத்தைக் காசு கொடுத்துப் பாக்கணுமா?" என்ற கேள்வியில் நியாயம் இருந்ததால் ஏறவில்லை. பதிலாக, கலைக்கூடத்துக்கு நடந்தோம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். வாசலில் மிச்சிகன் அவென்யூவுக்கு அவர் பெயரில் ஒரு பலகையும் இருக்கிறது. திருவல்லிக்கேணியில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகத் திரட்டிய பணத்தில் வந்தவர். காற்றில் பலகை ஆடிக்கொண்டிருந்தது. படம் எடுக்கக் கையுறையைக் கழற்றிய ஒரு நிமிஷத்தில் விரல் மரத்துவிட்டது.

மார்ச் 2, ஞாயிறு. ஜாக்சன் பூங்கா

விவேகானந்தர் வந்தது எந்தக் கண்காட்சியை ஒட்டியோ, அதே உலகக் கண்காட்சிதான் ஆல்பத்தின் பெரிய பாட்டின் முதல் பாதி. க்ரீம் ஆஃப் வீட் அதில்தான் வருகிறது. ஃபெர்ரிஸ் சக்கரம் என்ற ராட்சத ராட்டினமும் அதில்தான். 264 அடி உயரம், 36 பெட்டிகள், பெட்டிக்கு அறுபது பேர். ஒரு தடவை ஏற ஐம்பது சென்ட்.

போகும் வழியில் போட்டேன். அத்தான் ஸ்டியரிங்கில் தட்ட ஆரம்பித்தார். ஒரு தடவை தப்பியது, இன்னொரு தடவை தப்பியது. பிறகு முகம் மாறியது.

"ஏய், இது அஞ்சுலா!"

சின்ன வயதில் அம்பாசமுத்திரத்தில் இரண்டு வருஷம் மிருதங்கம் படித்தவர். "தகிட தக, தகிட தக… கண்டம்வே இது. வெள்ளைக்காரன் கண்டத்துல பாடுதான்." அதன்பின் பாதிப் பாட்டு முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். பாட்டின் இரண்டாம் பாதி நாலுக்கு மாறியதும் "போச்சு, வழிக்கு வந்துட்டான்" என்று கையை எடுத்துவிட்டார். பதினெட்டு வருஷமாகக் கேட்கிறேன்; ஏதோ நொண்டுகிறது என்று தெரியும், எண்ணிப் பார்க்கத் தோன்றியதில்லை.

பூங்காவில் கண்காட்சியின் மிச்சம் என்று அதிகம் இல்லை. ஆறு மாதத்தில் இரண்டே முக்கால் கோடிப் பேர் வந்துபோன வெள்ளை நகரம், பெரும்பாலும் சுண்ணச்சாந்தில் சணல் நாரைக் கலந்து பூசிய தற்காலிகக் கட்டடங்கள். அடுத்த வருஷமே தீக்கிரையாயின. நிலைத்த ஒன்று இப்போது அறிவியல் அருங்காட்சியகம். பொன்முலாம் பூசிய பெண் சிலை ஒன்று நிற்கிறது. அதுவும் 1918இல் வைத்த சிறிய நகல். அசல் 65 அடி, இது 24.

அங்கே நின்று பாட்டைக் கேட்கலாம் என்று காதில் மாட்டினேன். போன் குளிரில் செத்துவிட்டது. 60 சதவீதம் சார்ஜ் இருந்தது, பொட்டென்று அணைந்தது. இங்கே இது சகஜமாம். எங்கே கேட்க வேண்டுமோ அங்கே கேட்க முடியாமல் நானே வாய்விட்டுப் பாடினேன். நாயோடு போன ஒரு பெரியவர் நின்று, "உங்களுக்கு ஏதும் உதவி வேண்டுமா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

மார்ச் 3, திங்கள். புலாஸ்கி நாள்

இந்தப் பயணத்தை இந்தத் தேதியில் வைத்ததே இந்த நாளுக்காகத்தான். மார்ச் முதல் திங்கள் காசிமிர் புலாஸ்கி நாள். போலந்துக்காரர், அமெரிக்க விடுதலைப் போரில் குதிரைப்படையை உருவாக்கியவர், 1779இல் ஜார்ஜியாவில் சவான்னா முற்றுகையில் காயம்பட்டு இறந்தார். சிகாகோவில் போலந்து வம்சாவளியினர் ஏராளம், அதனால் இல்லினாயில் இந்த நாள். முன்பு பள்ளிகளுக்கு விடுமுறை, இப்போது பல இடங்களில் இல்லை. அவர் பெயரில் ஒரு நீண்ட சாலையும் உண்டு. கிராஃபோர்ட் அவென்யூ என்றிருந்ததை 1933இல் மாற்றப்போக, கடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய், வழக்கு கிட்டத்தட்ட இருபது வருஷம் இழுத்திருக்கிறது. பெயர் மாற்ற ரகளை எல்லா ஊரிலும் ஒன்றுபோலத்தான்.

போலிஷ் அருங்காட்சியகத்தில் வருஷாவருஷம் இன்று விழா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சவான்னாவில் குதிரை மேல் புலாஸ்கி பாயும் பெரிய ஓவியம் இருக்கிறது, அதைப் பார்த்தோம். தாமதத்துக்குக் காரணம் பலகாரக் கடை. நாளை தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் என்பதால் 'பௌன்ச்கி' வாங்கத் தெரு முனை வரை வரிசை. உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த உருண்டை, மேலே சர்க்கரைப் பூச்சு. முன்னால் நின்ற பாட்டி திரும்பி, "சாக்லேட் வைத்ததெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு. ரோஜா ஜாம் கேளுங்கள்" என்றார். ஒன்று இரண்டே முக்கால் டாலர். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற சுத்த சைவ அத்தான் இரண்டு சாப்பிட்டார். மரபான முறையில் பன்றிக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். அந்தக் கடையில் எப்படி என்று கேட்கவும் இல்லை, அவரிடம் சொல்லவும் இல்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இந்த நாளின் பெயரிலேயே ஆல்பத்தில் ஒரு பாட்டு உண்டு. அதற்கு வருகிறேன். ஆல்பத்தில் சேனை போலக் கொம்பும் குழலும் கோரஸும் முழங்குகிற பாட்டுகளுக்கு நடுவே இது ஒன்று அடங்கி உட்கார்ந்திருக்கும். ஒரு கிட்டார், ஒரு பாஞ்சோ, கடைசியில் ஒரு டிரம்பெட். பதின்வயதில் ஒரு பையன். அவனுக்குப் பிடித்த பெண்ணுக்கு எலும்புப் புற்றுநோய். செவ்வாய் இரவு பைபிள் வகுப்பில் எல்லாரும் கையை உயர்த்தி அவளுக்காக ஜெபிக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மார்ச் முதல் திங்கள் காலை அவள் போய்விடுகிறாள். புலாஸ்கி அந்தப் பாட்டில் எங்குமே இல்லை. நாள் மட்டும்தான். விடுதியில் கேட்ட காலத்தில் அது ஏதோ மாதாகோயில் திருநாள் என்றே நினைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் போட்டேன். பாட்டு முடிந்ததும் அத்தான் அர்த்தம் கேட்டார். சொன்னேன். பதில் ஒன்றும் இல்லை. சுங்கச்சாவடி தாண்டி ரொம்ப தூரம் வந்தபிறகு சொன்னார்.

"எங்க அம்மை போனது லேபர் டே அன்னிக்கு."

எனக்குத் தெரியும், செப்டம்பரில் என்று. லேபர் டே என்று தெரியாது.

"ஊர்ல ஆவணி மாச திதி கணக்கு. இங்க வருஷாவருஷம் அன்னிக்குத் தெரு முழுக்க அடுப்பு போட்டுக் கறி சுட்டுக்கிட்டு இருப்பானுவ. ஹேப்பி லேபர் டேம்பான். நானும் ஹேப்பிம்பேன்."

அவருடைய இளையராஜா முறை வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை.

மார்ச் 4, செவ்வாய். டிகேட்டர் – ஸ்பிரிங்ஃபீல்ட்

அக்கா புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்தாள். மழை. தெற்கே போகப்போக மழையோடு காற்றும். இருபுறமும் அறுத்துப்போட்ட சோள வயல், கறுப்பு மண், மரமே இல்லாத சமதளம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பார்த்தவர்களுக்குப் புதிதல்ல, அளவுதான் மிரட்டுகிறது.

டிகேட்டர் வருவதற்கு முன் வாசம் வந்துவிடும். செக்கில் புண்ணாக்கு எடுக்கும் வாசமும் சோளம் வேகும் வாசமும் கலந்தது. சோயா, சோளம் ஆலைகள் நிறைந்த ஊர். பாட்டில் இந்த வாசம் இல்லை. பாட்டில் இருப்பது இயைபு விளையாட்டு: 'டிகேட்டர்' என்று முடிய எத்தனை சொல் கிடைக்குமோ அத்தனையையும் வாரிக்கொண்டு வந்து அடுக்குவது. நம் ஊரில் பட்டிமன்றப் பேச்சாளர் செய்தால் சிரிப்போம். இவர் செய்யும்போதும் சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் தலைப்பில் 'மாற்றாந்தாய்க்கு ஒரு கைதட்டல்' என்று சேர்த்திருக்கிறார். சிறுவயதில் மாற்றாந்தாயை வெறுத்ததற்கு வெட்கப்படுகிற வரிகள் அந்த விளையாட்டுக்கு அடியில் ஓடுகின்றன. "சித்திக்குக் கைதட்டு வாங்கிக் குடுத்த மொத ஆளு இவன்தான்" என்றார் அத்தான்.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் காசு வாங்கிய பையனிடம், உங்கள் ஊரைப் பற்றி ஒரு பாட்டு உண்டே, தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்றான். போட்டுக் காட்டினேன். முப்பது விநாடி கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கு, ஆனா இவர் இங்கே வந்தாரா?" என்றான்.

நல்ல கேள்வி. இந்த ஆல்பத்துக்காக அவர் வரலாற்றுப் புத்தகங்களையும் குடியேறியவர்களின் பதிவுகளையும் உட்கார்ந்து படித்தார். பதிவு செய்ததில் பெரும்பகுதி நியூயார்க்கில். வாசம் வராததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் கல்லறை. வாசலில் வெண்கலத் தலை. மூக்கை மட்டும் தொட்டுத் தொட்டுத் தங்கமாக்கியிருக்கிறார்கள். மழையில் ஈரமான மூக்கை அத்தானும் தடவினார், "கோயில் நந்தி மாதிரி". 1832இல் கறுப்புப் பருந்து என்ற சாக் தலைவருக்கு எதிரான போரில் லிங்கனும் படைக்குப் போனவர். நான் நகலெடுக்க முடியாத அந்த ஐம்பது வார்த்தைத் தலைப்பு அந்தப் போரைப் பற்றியதுதான். ஒரு நாகரிகத்தையே தரைமட்டமாக்கிவிட்டுக் காலையில் நிம்மதியாக எழுவது எப்படி என்கிற கேலி. தலைப்பு முழுக்கச் சொல். பாட்டிலோ சொல்லே இல்லை, இசையும் 'ஆ' என்று ஒரு கோரஸும்தான். கெட்டிக்காரத்தனம் என்று முன்பு ரசித்தேன். இன்று கல்லறைப் பளிங்கில் நின்றபோது, அது கொஞ்சம் சுலபமான கேலியோ என்று பட்டது.

இரவு உணவு இந்த ஊரின் பெருமையான 'ஹார்ஸ்ஷூ'. ரொட்டி, அதன்மேல் இறைச்சி, அதன்மேல் மலைபோல் உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் சீஸ் குழம்பு. இறைச்சி இல்லாமல் கேட்டோம். பரிமாறிய பெண், "அப்படியானால் அது வெறும் உருளைக்கிழங்கு, கண்ணு" என்று எங்களைப் பார்த்து உண்மையாகவே வருந்தினார். ஆளுக்கு 14 டாலர். பாதிக்கு மேல் இறங்கவில்லை. அறைக்கு வந்து புளியோதரை.

மார்ச் 5, புதன். ஜாக்சன்வில் – ஹைலாண்ட்

இரவெல்லாம் ஜன்னல் அதிர்ந்தது. காலையில் மழை விட்டு, வண்டிக் கதவைத் திறந்தால் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று.

ஜாக்சன்வில் எனக்குப் பிடித்த பாட்டு, பிடித்துப்போன ஊரும். காது கேளாதோர் பள்ளி, பார்வையற்றோர் பள்ளி இரண்டும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே இருக்கின்றன. பிரெய்ல் தட்டச்சுப்பொறியை 1892இல் உருவாக்கியவர் அந்தப் பார்வையற்றோர் பள்ளியின் தலைவர். பாளையங்கோட்டைக்காரனுக்கு இது வேற்றூராகப் படாது. எங்கள் ஊரிலும் இரண்டு பள்ளியும் உண்டு, மாலையில் பேருந்து நிறுத்தத்தில் விரல்களால் சத்தமாகச் சண்டை போடும் பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே தெரு வெறிச்சோடி இருந்தது. வெள்ளைக்கோலோடு ஒருவர் காற்றை எதிர்த்துச் சாய்ந்து நடந்து போனார். அத்தான் வண்டியை ஓரம் நிறுத்தி அவர் கடக்கும்வரை காத்திருந்தார். அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். எஞ்சின் சத்தம் போதும்போல.

இன்னொன்று, எதிர்பாராதது. சிகாகோ ராட்டினத்தைப் பார்த்து அசந்துபோன ஒருவர் இந்த ஊரில் 1900இல் கழற்றி மாட்டுகிற சிறிய ராட்டினத்தைச் செய்தார். அந்தக் கம்பெனி இன்னும் இங்கேதான். பூங்காவில் ஒரு ராட்டினம் நிற்கிறது, குளிர்காலத்துக்கு மூடி. நெல்லையப்பர் ஆனித் திருவிழாவில் நான் ஏறி வாந்தியெடுத்த ராட்டினத்துக்கு இதுதான் பெரியப்பா முறை. இது பாட்டில் இல்லையே என்று எனக்கு ஆற்றாமை. இவ்வளவு படித்தவர் இதை எப்படி விட்டார்? மிஞ்சியதையெல்லாம் சேர்த்து அடுத்த வருஷம் இன்னொரு ஆல்பமே போட்டவர்.

மத்தியானம் ஹைலாண்ட். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் குடியேறிய ஊர். டின் பால் காய்ச்சிப் பேர் வாங்கிய ஊர். 2000 ஜனவரி 5 விடியற்காலையில் இங்கே ஒருவர் வானில் பெரிய விளக்குக் கட்டடம் போல ஒன்று நகர்வதைப் பார்த்துப் போலீசில் சொல்ல, அடுத்தடுத்த ஊர்ப் போலீஸ்காரர்களும் அதைப் பார்த்தார்கள். ஆல்பத்தின் முதல் பாட்டு அதுதான், வெறும் பியானோவும் குழலும். மொத்தம் இரண்டு நிமிஷம். நாங்கள் பார்த்தபோது வானத்தில் மேகம் ஓடிய வேகத்துக்கு எந்த வேற்றுக்கிரகக் கப்பலும் நிலைகொண்டிருக்க முடியாது.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய அம்மாள் நெற்றியில் சாம்பல். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் நெற்றியில் சாம்பல். அப்போதுதான் உறைத்தது: இன்று திருநீற்றுப் புதன். அத்தானோ எந்த ஊருக்குப் போனாலும் குளித்ததும் திருநீறு பூசாமல் வெளியே வரமாட்டார். அன்று அந்தக் கடையில் அவர்தான் எங்கள் மேஜையின் மானத்தைக் காப்பாற்றினார். அந்த அம்மாள் காபி ஊற்றிக்கொண்டே அவர் நெற்றியைப் பார்த்துச் சிரித்து, "சீக்கிரமே போய்விட்டு வந்துவிட்டீர்களா? எந்தப் பங்குக் கோயில்?" என்றார்.

அத்தான் ஒரு நொடி யோசித்தார். "வீட்டுலயே ஆச்சு" என்றார் ஆங்கிலத்தில்.

"பாதிரியார் வீட்டுக்கே வருவாரா?"

"நானே பூசிக்கிடுவேன். தினமும்."

"தினமுமா!" அந்த அம்மாள் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் சாப்பிட்ட 'பை' என்ற பழப் பலகாரத்துக்குக் காசு வாங்கவில்லை. செர்ரி பை. வெளியே வந்து, "பொய் ஒண்ணும் சொல்லலையே மாப்ள?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 33 பேரைக் கொன்ற சிகாகோக்காரன் ஒருவனைப் பற்றியும் ஆல்பத்தில் ஒரு பாட்டு உண்டு. தாலாட்டுப்போல இருக்கும், கடைசியில் பாடுகிறவர் தன்னையே அவனோடு சேர்த்துப் பார்க்கிறார். அந்த இடத்தைத் தேடி நான் போகவில்லை. அத்தானுக்குப் போட்டுக் காட்டவும் இல்லை.

மார்ச் 6, வியாழன். மெட்ரோபொலிஸ் – கேரோ

தெற்கு மூலை. மெட்ரோபொலிஸ் என்று நிஜமாகவே ஓர் ஊர் இருப்பதால், சூப்பர்மேனின் சொந்த ஊர் நாங்கள்தான் என்று 1972 முதல் பட்டம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோர்ட் வாசலில் 15 அடி வெண்கலச் சிலை, நீலமும் சிவப்புமாக வர்ணமடித்தது. "நம்ம ஊர் கட்அவுட்டுல கால்வாசி இருக்கமாட்டான்" என்றார் அத்தான், ஆனாலும் இடுப்பில் கைவைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஆல்பத்தின் அட்டையிலும் முதலில் சூப்பர்மேன் இருந்தார். உரிமைச் சிக்கல் வரும் என்றானதும், முதலில் வந்த இசைத்தட்டுகளில் அவர் மேல் பலூன் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறகு ஆளையே எடுத்துவிட்டார்கள். சிலைக்கு எதிர்க்கடையில் காந்தப் பொம்மை (நாலு டாலர்) வாங்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டு, "பலூனா? பாவம்" என்றார், சூப்பர்மேனுக்காக. ஆல்பத்தின் பெயரைக் கேட்கவே இல்லை. ஆறு நாளில் அதைக் கேட்டிருக்கிறேன் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை. முதலில் வருத்தமாக இருந்தது. சீவலப்பேரியில் போய் முக்கூடற்பள்ளு தெரியுமா என்று கேட்டால் டீக்கடையில் என்ன சொல்வார்கள் என்று நினைத்ததும் தணிந்துவிட்டது.

கேரோ. எழுத்தில் எகிப்தின் கெய்ரோதான், சொல்வது கேரோ. இந்தத் தென்பகுதிக்கே 'குட்டி எகிப்து' என்று பெயர். வழியில் கர்னாக் என்று ஓர் ஊர்கூட வந்தது. ஆல்பத்தின் கடைசி உருப்படி எகிப்தை விட்டுக் கிளம்புவதைப் பற்றியது, வெறும் இசை. ஒஹையோ ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடுகிற முனையில் நின்று அதைக் கேட்டு முடித்துக்கொள்வது என் திட்டம்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு பிரம்மாண்ட இரும்புக் கதவு. வெள்ளம் வந்தால் சாலையையே மூடிவிடலாம். உள்ளே போனால் மூட எதுவும் மிச்சமில்லை. ஒரு காலத்தில் 15,000 பேர். 2020 கணக்கெடுப்பில் 1,733. கொத்துக்கல் வேலைப்பாடு உள்ள இரண்டு மாடிக் கடைகள் வரிசையாக, கூரை விழுந்து, உள்ளே மரம் முளைத்து. நிறவெறியும் அதை எதிர்த்த நீண்ட போராட்டமும் இந்தத் தெருக்களில்தான் நடந்தன. வேலைகளும் போயின. இதில் எதையும் ஆல்பத்தில் தேட முடியாது. அத்தான் வேகத்தைக் குறைத்து, தலைவர் ஊர்வலம் போவது போல ஓட்டினார். ஒரு வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த கிழவர் கையசைத்தார், நாங்களும்.

முனைக்குப் போகும் பாதையில் தடுப்பு. நீர் ஏறிவிட்டது. தடுப்புக்கு அப்பால் தார்ச்சாலை அப்படியே ஆற்றுக்குள் இறங்கிப் போகிறது. தூரத்தில் மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கின்றன. பராமரிப்பு வண்டியில் வந்தவர் கண்ணாடியை இறக்கி, "எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள்?" என்றார். திருநெல்வேலி என்று சொன்னால் விளக்க வேண்டிவரும். சிகாகோ என்றோம். "அடடா" என்றார். "பாலத்தின் மேல் போங்கள். நிறுத்தக்கூடாது. மெதுவாகப் போங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்."

தடுப்புக்கு முன்னாலேயே வண்டிக்குள் உட்கார்ந்து கடைசிப் புளியோதரையைச் சாப்பிட்டோம். மூன்று நாளில் நன்றாக ஊறியிருந்தது. கடைசி உருப்படியைப் போட்டேன். மணிகளும் பியானோவும் சுழன்று சுழன்று வரும். பாதியில் அத்தான் டப்பாவை மூடி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும். அந்தத் திங்கட்கிழமைப் பாட்டைப் போடு."

போட்டேன். பாலத்தில் ஏறினோம். இரும்புச் சட்டங்களுக்கு நடுவே விட்டு விட்டுத் தண்ணீர் தெரிந்தது, இரண்டு பக்கமும் ஒரே காபி நிறம். எது எந்த ஆறு என்று எங்களால் பிரிக்க முடியவில்லை. டிரம்பெட் வருவதற்குள் மிசௌரி மாநிலம் வந்துவிட்டது. அத்தான் அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பினார்.